அறுகோணக் கட்டத்தில் எடுத்த தரவைச் சதுரத் திரையில் காட்டும்போது ஏன் நீள்கிறது, ஏன் சாய்கிறது, எப்படிச் சரிசெய்வது?

கேள்வியின் சாரம் இது. மார்த்தாண்டம் பக்கத்துத் தேன்பெட்டிகளிலிருந்து சட்டங்களை எடுத்து, அடையைப் போட்டோ பிடித்து, ஒவ்வொரு அறைக்கும் இரண்டு மதிப்பு குறித்திருக்கிறீர்கள். ஒன்று, அறைக்குள் என்ன இருக்கிறது என்பது: காலி, முட்டை, புழு, மூடிய புழு, மகரந்தம், தேன். இன்னொன்று, அந்த அறையின் வெப்பம். ஒரு சட்டத்துக்கு 37 வரிசை, வரிசைக்கு 45 அறை, ஆக 1665 அறைகள். இதைப் பைத்தானில் படம் வரையும் மேட்பிளாட்லிப் நூலகத்தின் இம்ஷோ கட்டளையில் கொடுத்தால் வட்டமாக இருக்க வேண்டிய புழுப் பகுதி முட்டை வடிவில் மேலும் கீழும் நீள்கிறது, நேரான ஓரம் ரம்பப் பல்லாகிறது. உங்கள் குழுவில் இன்னொருவர் எழுதிய புரோகிராமில் அதே சட்டம் இடப்பக்கமாகச் சாய்கிறது. எது சரி, எப்படித் திருத்துவது, தேனீ வளர்ப்பவர்கள் கூட்டத்தில் மாட்ட 4 அடி பிளெக்ஸாக எப்படி அடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு படமும் தவறு. ஆனால் இரண்டு பேரின் தரவும் சரியாகத்தான் இருக்கிறது. அதைத் திருத்தப் போகாதீர்கள். தப்பு நடந்திருப்பது காட்டும் இடத்தில் மட்டும். அறுகோணக் கட்டத்தில் இருக்கும் எண்களை, சதுரக் கட்டத்தில் இருப்பதாக நினைத்து வரைந்திருக்கிறது கணினி.

கோலம் போடுகிறவர்களைக் கேட்டால் ஒரே நிமிடத்தில் இதைப் புரியவைத்துவிடுவார்கள். நேர்ப்புள்ளிக் கோலத்தில் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. அது சதுரக் கட்டம். இடைப்புள்ளிக் கோலத்தில் மேல் வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் கீழ் வரிசையின் புள்ளி விழும். “15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை” என்றால் நடுவில் 15, மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8-இல் நிற்கும். எண்ணிப் பார்த்தால் 169 புள்ளி, வெளிவடிவம் அச்சு அசலான அறுகோணம். இதில் கவனிக்க வேண்டியது வரிசைகளின் இடைவெளி. இடைப்புள்ளி வைக்கும்போது கை தானாகவே அடுத்த வரிசையை நெருக்கி வைக்கும். ஒரே வரிசையில் புள்ளிக்குப் புள்ளி 1 அங்குலம் என்றால் வரிசைக்கு வரிசை 0.866 அங்குலம்தான், அதாவது மூன்றின் வர்க்கமூலத்தில் பாதி. அப்படி நெருக்கினால்தான் எந்தப் புள்ளியிலிருந்தும் சுற்றியுள்ள ஆறு புள்ளிகளும் ஒரே தூரத்தில் இருக்கும். நெருக்காமல் 1 அங்குலமே விட்டால் கோலம் நீண்டுபோகும்.

உங்கள் படத்தில் நடந்தது அதுவேதான். இம்ஷோ வரிசை இடைவெளியையும் நிரல் இடைவெளியையும் சமமாக வைத்துவிட்டது. அதனால் உயரம் 1 ÷ 0.866, அதாவது 1.155 மடங்கு ஆகிவிட்டது. வட்டம் 15 விழுக்காடு நீண்டு முட்டையானதன் கணக்கு இவ்வளவுதான். ஒன்றுவிட்டு ஒரு வரிசை அரை அறை வலப்பக்கம் தள்ளியிருக்க வேண்டும், அதையும் இம்ஷோ அறியாது. ரம்பப் பல் அங்கிருந்து வருகிறது.

சாய்வுக்குக் காரணம் வேறு. உங்கள் நண்பர் வரிசை, நிரல் என்று எண்ணாமல், 60 டிகிரியில் விலகிய இரண்டு அச்சுகளில் எண்ணியிருக்கிறார். ஒரு அச்சு கிடையாகவும் மற்றொன்று வலப்பக்கம் சரிந்து கீழிறங்குவதாகவும் இருக்கும். கணக்குப் போட இது மிக வசதியான முறை. அதை அப்படியே சதுர அணியாகக் காட்டினால் மட்டும் ஒவ்வொரு வரிசையும் அரை அறை இடப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். 36 வரிசை இறங்குவதற்குள் 18 அறை விலகிவிடும். அந்தச் சாய்வு 26.6 டிகிரி. உங்கள் படத்தில் கோணமானி வைத்துப் பார்த்தால் இந்த எண்ணே வர வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, முதலிலேயே சதுரமாக எடுத்திருக்கலாமே என்று தோன்றலாம். நம் ஊரில் தென்னை நடுகிறவர்களுக்குப் பதில் தெரியும். 7.5 மீட்டர் இடைவெளியில் சதுர முறையில் நட்டால் ஹெக்டேருக்கு 177 கன்று, முக்கோண முறையில் நட்டால் 205. இடைவெளி குறையவில்லை, ஆனால் நிலத்தில் கூடுதல் மரம் நிற்கிறது. படம் எடுப்பதில் இதே கணக்கு மறுபக்கமாக வரும்: எல்லாத் திசையிலும் ஒரே அளவு நுணுக்கம் வேண்டும் என்றால் சதுரக் கட்டத்துக்கு 100 மாதிரி தேவைப்படும் இடத்தில் அறுகோணக் கட்டத்துக்கு 86.6 போதும். ஆய்வாளர்கள் பீட்டர்சனும் மிடில்டனும் 1962-இல் நிறுவியது இது. அறுகோணக் கட்டத்தில் படங்களைக் கையாளும் முறைகளை மெர்சரோ 1979-இல் விரிவாக எழுதினார். ஊட்டியில் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தில் உணரிகள் 8 மீட்டர் இடைவெளியில் அறுகோண அமைப்பில்தான் நிற்கின்றன. லடாக்கின் ஹான்லேயில் இருக்கும் மேஸ் தொலைநோக்கியின் கேமராவில் 1088 பிக்சல், அவையும் அறுகோண அடுக்கு. உங்கள் விஷயத்தில் தேர்வே கிடையாது, கட்டத்தைத் தேனீ முடிவு செய்துவிட்டது. அறைக்கு ஒரு எண் என்பதைவிடச் சுத்தமான அறுகோணத் தரவு கிடைப்பது அரிது. அதைக் கெடுக்காமல் கடைசிவரை காப்பாற்றுவதுதான் முக்கியம். சதுரமாக்குவது திரைக்குப் போகும் கடைசிப் படியில் மட்டும் நடக்கட்டும்.

முதலில் இன்றே செய்யக்கூடிய ஐந்து நிமிட வைத்தியம். ஒவ்வொரு மதிப்பையும் கிடையாக இரண்டு முறை எழுதுங்கள், 45 என்பது 90 ஆகும். 0, 2, 4 என்று இரட்டை எண் வரிசைகளுக்கு முடிவில் ஒரு வெற்றிடம், 1, 3, 5 என்ற ஒற்றை எண் வரிசைகளுக்குத் தொடக்கத்தில் ஒரு வெற்றிடம் சேருங்கள். இப்போது 37 வரிசை, 91 நிரல். இதை இம்ஷோவில் கொடுத்து, ஆஸ்பெக்ட் 1.732 என்றும் இன்டர்போலேஷன் (இடைமதிப்புக் கணிப்பு) நியரஸ்ட் என்றும் வையுங்கள். அகலம் பாதியாகிவிட்டதால் உயரத்துக்கும் அகலத்துக்குமான விகிதம் 0.866 ÷ 0.5 = 1.732. செங்கல் சுவர் மாதிரி ஒரு படம் வரும். அறுகோணம் தெரியாது, ஆனால் ஒவ்வொரு அறையும் தன் சரியான இடத்தில் இருக்கும். வட்டம் வட்டமாகும், சாய்வு போய்விடும். தினமும் தரவைச் சரிபார்க்க இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

வெற்றிடம் என்றால் 0 அல்ல, NaN என்ற ‘எண் இல்லை’ குறி. வெப்பத் தரவில் 0 போட்டால் அது பூஜ்ஜியம் டிகிரி ஆகிவிடும். நிற அளவுகோல் 0 முதல் 36 வரை நீண்டு, நீங்கள் காட்ட நினைக்கும் 33–36 டிகிரி முழுவதும் ஒரே நிறமாக அமுங்கும்.

அடுத்து, நல்ல படம் வரைவதற்கு வருவோம். அதற்கு ஒரு சூத்திரம் போதும். பக்கத்து அறைகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரம் ‘இ’. வரிசை எண் ‘வ’, நிரல் எண் ‘நி’, இரண்டும் 0-இலிருந்து எண்ண வேண்டும். வரிசை ஒற்றை எண்ணானால் ‘ஒ’ 1, இரட்டையானால் 0.

கிடை = இ × (நி + ஒ ÷ 2)
குத்து = 0.8660254 × இ × வ

நண்பரின் சாய்ந்த அச்சு எண் ‘க’ என்றால் இரண்டுக்கும் உறவு இப்படி:

க = நி − (வ − ஒ) ÷ 2
கிடை = இ × (க + வ ÷ 2)

இந்த நான்கு வரிகளை ஒரே கோப்பில் எழுதிவைத்து, குழுவில் எல்லோரும் அங்கிருந்தே எடுத்துப் பயன்படுத்துங்கள். ஆளுக்கொரு இடத்தில் எழுதினால் ஒருவர் ஒற்றை வரிசையைத் தள்ளுவார், இன்னொருவர் இரட்டை வரிசையைத் தள்ளுவார். இரண்டு படமும் தனித்தனியாகப் பார்க்கச் சரிபோலவே இருக்கும், ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போதுதான் பிசகு தெரியும். சி, ஜாவா போன்ற மொழிகளில் −1-ஐ 2-ஆல் வகுத்த மீதி −1 என்று வரும், பைத்தானில் 1 வரும். வரிசை எண் எதிர்மறையாகப் போக வாய்ப்பிருந்தால் மீதி பார்க்காமல் கடைசி பிட்டை, அதாவது இரும வடிவின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்.

எப்படி வரைவது என்பதை முடிவு செய்யும் முன், எதைக் காட்டுகிறோம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ‘என்ன இருக்கிறது’ என்பது வகை. முட்டைக்கு 1, புழுவுக்கு 2, மூடிய புழுவுக்கு 3 என்று எண் கொடுத்திருப்பீர்கள். ஒரு பக்கம் முட்டை, அடுத்த பக்கம் மூடிய புழு இருக்கும் எல்லையை மென்மையாக்கினால் நடுவில் 2 வந்துவிடும், இல்லாத இடத்தில் புழு முளைக்கும். தேனீ வளர்ப்பவர் அதை நம்பி முடிவெடுப்பார். எனவே வகைப் படத்தில் ஒவ்வொரு அறையும் தட்டையான ஒரே நிறம், எந்த மென்மையாக்கலும் கூடாது. வெப்பம் அப்படியல்ல, இடையில் தொடர்ச்சியாக மாறுவது. அதை மென்மையாகக் காட்டலாம், காட்டவும் வேண்டும். இதைக் கலந்துவிடுவதுதான் இந்த வகைப் படங்களில் நான் கண்ட மிகப் பெரிய தவறு, வடிவம் நீள்வதைவிட இது ஆபத்தானது.

வகைப் படத்துக்கு அறுகோணங்களையே பலகோணமாக வரையலாம். அடையில் அறையின் கூர்முனை பெரும்பாலும் மேலே பார்த்து நிற்கும், இரண்டு சுவர்கள் செங்குத்தாக இருக்கும். அதனால்தான் உங்களுக்கு வரிசைகள் நேராகக் கிடைத்தன. மையத்திலிருந்து ஆறு முனைகள்: நேர் மேலும் நேர் கீழும் 0.577 இ தூரத்தில் ஒவ்வொன்று, பக்கங்களில் ±0.5 இ கிடையாகவும் ±0.289 இ குத்தாகவும் நான்கு. மேட்பிளாட்லிப்பில் பாலிகலெக்‌ஷன் கொண்டு 1665-ஐயும் ஒரே தடவையில் வரையுங்கள், ஆஸ்பெக்ட் ஈக்வல் வைக்க மறக்காதீர்கள். புள்ளிக்கு ஒரு குறி போடும் ஸ்கேட்டரில் அறுகோணக் குறி இருக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம். அதன் அளவு பாயின்ட் கணக்கில் ஓடுகிறது, தரவின் அளவில் அல்ல. படத்தைப் பெரிதாக்கினால் இடைவெளி விழும், சிறிதாக்கினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஹெக்ஸ்பின்னும் வேண்டாம். அது சிதறிய புள்ளிகளைத் தன் சொந்த அறுகோணங்களில் எண்ணிப் போடுவதற்கானது. ஏற்கெனவே அறுகோணத்தில் இருப்பதை அதில் கொடுத்தால் சில அறைக்குள் இரண்டு விழும், சில காலியாகும், படம் முழுக்கப் பட்டை பட்டையாக வரும்.

பலகோணமாக வரைந்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும். ஒரே நிறத்து அறைகளுக்கு நடுவிலும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும், முழுப் படத்துக்கும் கண்ணாடி கீறியது மாதிரி ஒரு வலை. தரவில் அப்படி எதுவும் இல்லை. எல்லையில் இருக்கும் ஒரு திரைப் பிக்சலை நெருங்கிப் பார்ப்போம். பாதி இடது அறைக்கு, பாதி வலது அறைக்கு. முதலில் இடது அறை வரையப்படும்போது அந்தப் பிக்சல் பாதி நிறம், பாதி வெள்ளைப் பின்னணி. பிறகு வலது அறை தன் பாதியை அதன்மேல் பூசுகிறது, ஆனால் மீதமிருந்த வெள்ளையில் பாதியைத்தான் அது மூடுகிறது. கணக்கு 75 நிறம், 25 வெள்ளை. அந்த 25-தான் கோடு. வைத்தியம் இரண்டு. ஒவ்வொரு அறுகோணத்துக்கும் அதன் நிறத்திலேயே அரைப் பிக்சல் தடிப்பில் ஓரக்கோடு போடுங்கள். அல்லது இப்படி ஓரத்தில் நிறம் கலக்கும் ஓர மென்மையாக்கத்தை (ஆன்டி-அலையஸிங்) அணைத்துவிட்டு நான்கு மடங்கு பெரிதாக வரைந்து பிறகு சுருக்குங்கள். எஸ்விஜி, பிடிஎஃப் கோப்புகளுக்கு முதல் வழி, பிஎன்ஜி படத்துக்கு இரண்டாவது.

இன்னொரு வழி, தலைகீழாகப் போவது: திரையின் ஒவ்வொரு பிக்சலையும் எடுத்து “நீ எந்த அறைக்குச் சொந்தம்?” என்று கேட்பது. பெரிய தரவுக்கும் வேகமாக ஓடும், வெள்ளைக் கோடு வரவே வராது, அறையைத் தொட்டால் விவரம் காட்டும் செயலி எழுதுவதற்கும் இதே கணக்குதான் வேண்டும். மேலே சொன்ன சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு வ, க இரண்டையும் பின்னமாகக் கண்டுபிடித்து, மூன்றாவதாக ம = −க − வ என்று ஒன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றையும் தனித்தனியாக அருகிலுள்ள முழு எண்ணாக்குங்கள். மூன்றின் கூட்டுத்தொகை 0 வந்தால் முடிந்தது. வராவிட்டால், முழு எண்ணாக்கியதில் எது அதிகம் நகர்ந்ததோ அதைத் தூக்கிவிட்டு, மற்ற இரண்டிலிருந்து அதைக் கணக்கிட வேண்டும்.

இந்தக் கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பிக்சலை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். இ = 16 பிக்சல், முதல் அறையின் மையம் (0, 0), பார்க்கும் இடம் கிடை 106, குத்து 62. வரிசை இடைவெளி 13.856, எனவே வ = 62 ÷ 13.856 = 4.474. க = 106 ÷ 16 − 4.474 ÷ 2 = 4.388. ம = −8.862. முழு எண்ணாக்கினால் வ 4, க 4, ம −9. கூட்டினால் −1, பூஜ்ஜியம் அல்ல. நகர்ந்த தூரம்: வ 0.474, க 0.388, ம 0.138. அதிகம் நகர்ந்தது வ, அதைத் தூக்குங்கள். வ = −4 + 9 = 5. அறை: க 4, வ 5. சரியா என்று தூரத்தை அளந்து பார்க்கலாம். அந்த அறையின் மையம் (104, 69.3), தூரம் 7.6 பிக்சல். திருத்தாமல் விட்டிருந்தால் க 4, வ 4 அறை கிடைத்திருக்கும், அதன் மையம் (96, 55.4), தூரம் 12. பக்கத்து அறையின் நிறம் இங்கே வந்திருக்கும். திருத்தாத படத்தில் அறைகள் அறுகோணமாக இல்லாமல் சாய்ந்த இணைகரமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் இந்தப் படி விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேயே இரண்டு சின்ன பிசகுகள் ஒளிந்திருக்கின்றன. படத்தின் மேல்-இட மூலை (0, 0) என்றால் முதல் அறையின் மையம் அங்கே இருக்க முடியாது. அது 8 பிக்சல் வலமும் 9.24 பிக்சல் கீழும் இருக்கும், அதைக் கழித்த பிறகே சூத்திரத்தில் போட வேண்டும். திரைப் பிக்சலின் மையம் அதன் எண்ணில் அல்ல, எண் கூட்டல் 0.5-இல் இருக்கிறது. இந்த அரையை விட்டால் 16 பிக்சல் அறையில் தெரியாது, 6 பிக்சல் அறையில் எல்லா ஓரமும் கோணலாகும். இ = 16-க்கு உங்கள் முழுப் படம் 728 × 518 பிக்சல்.

எத்தனை பிக்சல் அறை நல்லது? 6-க்குக் கீழே போனால் அறுகோணம் என்று யாருக்கும் தெரியாது. இ முழு எண்ணாக இல்லாவிட்டால் சில நிரல் 5, சில நிரல் 6 என்று மாறி மாறி விழுந்து, படத்தின் குறுக்கே தரவில் இல்லாத பட்டைகள் ஓடும். சிறிய திரைக்கு 8 அகலம், 7 வரிசை இடைவெளி என்று வையுங்கள். 7 ÷ 8 = 0.875, உண்மையான 0.866-க்கு ஒரு விழுக்காடுதான் வித்தியாசம். இதில் பலகோணம் எதுவும் வேண்டாம், ஓர் அச்சு செய்துகொண்டு குத்திக்கொண்டே போகலாம். அந்த அச்சு 9 வரி: 2, 6, 8, 8, 8, 8, 8, 6, 2 பிக்சல்கள், எல்லாம் நடுவில் நிறுத்தி. மொத்தம் 56 பிக்சல். அடுத்த வரிசையை 4 பிக்சல் வலம் தள்ளி, 7 வரி இறக்கி வைத்தால், மேலுள்ளதன் 6-க்குப் பக்கத்தில் கீழுள்ளதன் 2, 2-க்குப் பக்கத்தில் 6 என்று இடைவெளியோ மேலேறலோ இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தும். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் நான்கு அச்சு வரைந்து பாருங்கள், திருப்தியாக இருக்கும். விகிதம் இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் 30 அகலம், 26 இடைவெளி.

வெப்பப் படத்துக்கு வருவோம். அறுகோண மையங்களைக் கோட்டால் இணைத்தால் இடம் முழுவதும் சமபக்க முக்கோணங்களாகப் பிரியும். ஒரு பிக்சல் எந்த முக்கோணத்தில் விழுகிறதோ அதன் மூன்று முனைகளின் மதிப்பை எடைபோட்டுக் கூட்டினால் போதும். க, வ இரண்டின் முழு எண் பகுதியைக் கீழ்நோக்கி எடுத்துவிட்டு, மீதிப் பின்னங்களை அ, ஆ என்போம். அ + ஆ ஒன்றுக்குக் குறைவானால் எடை மூன்று: அந்த அறைக்கு 1 − அ − ஆ, வலப்பக்க அறைக்கு அ, கீழ் வரிசை அறைக்கு ஆ. ஒன்றைத் தாண்டினால் எதிர் முக்கோணம்: வலப்பக்க அறைக்கு 1 − ஆ, கீழ் அறைக்கு 1 − அ, க-வும் வ-வும் ஒன்று கூடிய மூலை அறைக்கு அ + ஆ − 1. முன்பு எடுத்த அதே பிக்சலுக்கு அ 0.388, ஆ 0.474, எனவே எடைகள் 0.138, 0.388, 0.474. மிக அருகில் இருந்த அறைக்கே அதிக எடை கிடைத்திருப்பதைக் கவனியுங்கள்.

இந்த இடத்தில் சதுரப் பழக்கத்தில் நான்கு முனைக் கணக்கை சாய்ந்த அச்சில் போட்டுவிடுவார்கள். பார்க்க ஓடும், ஆனால் இணைகரத்தின் நீண்ட மூலைவிட்டத் திசையில் வெப்பம் இழுபட்டுத் தெரியும். கூட்டின் சூடான மையம் எல்லாச் சட்டத்திலும் ஒரே பக்கம் சரிந்தே இருந்தால் தேனீயைச் சந்தேகிக்கும் முன் இந்தக் கணக்கைச் சந்தேகியுங்கள்.

ஓரத்தில் மூன்று முனைகளில் ஒன்று இல்லாமல் போகும். இருப்பவற்றின் எடையை மட்டும் கூட்டி அதனால் வகுக்கலாம், அல்லது வெறுமையாக விடலாம். நான் வெறுமையாக விடச் சொல்வேன். மரச் சட்டத்தின் ஓரத்தில் அளக்காத வெப்பத்தை நாம் ஊகித்துக் காட்ட வேண்டியதில்லை.

நிறத்தை எப்போது போடுவது என்பதும் முக்கியம். முதலில் எண்ணை எடைபோடுங்கள், பிறகு நிறமாக்குங்கள். நிறமாக்கிவிட்டு நிறங்களைச் சராசரி எடுத்தால் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் அளவுகோலிலேயே இல்லாத ஒரு சாம்பல் வரும். அளவுகோலை எல்லாச் சட்டத்துக்கும் ஒன்றாக, 30 முதல் 37 டிகிரி என்று நிலையாக வையுங்கள். தானாக விட்டால் ஒவ்வொரு சட்டமும் தன் அதிகபட்சத்தைச் சிவப்பாக்கும், இரண்டு பெட்டிகளை ஒப்பிடவே முடியாது. போட்டோவாக எடுத்த வெளிச்ச மதிப்புகளைச் சுருக்கும்போது மட்டும் இன்னொரு எச்சரிக்கை: கோப்பில் இருக்கும் எண் ஒளியின் அளவோடு நேர்விகிதத்தில் இல்லை. பாதிக் கறுப்பும் பாதி வெள்ளையும் கலந்த இடம் 128 அல்ல, 188 வர வேண்டும். நேரடியாகச் சராசரி எடுத்தால் அறைச் சுவர்கள் ஓடும் இடமெல்லாம் இருண்டுவிடும்.

சதுரப் படம் மட்டுமே வாங்கும் மென்பொருளுக்குத் தரவைக் கொடுக்க வேண்டியிருந்தால் ஒரு அழகான குறுக்குவழி இருக்கிறது. சதுரத்தின் பக்கத்தை 0.866 இ என்று வையுங்கள், அதாவது உங்கள் வரிசை இடைவெளியே சதுரத்தின் பக்கம். அப்போது 37 வரிசையும் அப்படியே இருக்கும், செங்குத்தாக எதுவும் செய்ய வேண்டாம். ஒவ்வொரு வரிசைக்குள்ளும் 45 எண்ணை 52 ஆக்கினால் முடிந்தது, ஒற்றை வரிசைக்கு அரை அறை தள்ளலைச் சேர்த்துக்கொண்டு. நுணுக்கத்தைக் காப்பாற்றத் தேவையான சதுர அளவும் இதுவேதான். மிக நெருக்கமான செங்குத்துக் கோடுகள் இருக்கும் படத்தில் பக்கத்து வரிசைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் முழுத் துல்லியம் வரும். வெப்பத்தில் அவ்வளவு நெருக்கமான மாற்றம் இருக்காது, கவலை வேண்டாம். இதையும் ஏற்றுமதிக்கு மட்டும் செய்யுங்கள், சதுரமாக்கிய கோப்பை மூலத் தரவாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

தரவிலேயே கெட்டுப்போகும் இடங்கள் சில. மேலிருந்து ஒரு வரிசையை வெட்டினால் ஒற்றையும் இரட்டையும் இடம் மாறும், படம் மறுபடி பல்லாகும். 37 வரிசைப் படத்தைத் தலைகீழாக்கினால் ஒன்றும் ஆகாது, 38 வரிசையைத் தலைகீழாக்கினால் மாறிவிடும். எனவே கோப்பின் தலையில் “முதல் வரிசை இடப்பக்கம்” என்று ஒரு குறிப்பு கட்டாயம் இருக்கட்டும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த போட்டோவில் ‘இத்தனை டிகிரி சுழற்று’ என்ற குறிப்பு கோப்புக்குள் இருக்கும். அதை மதிக்காத மென்பொருளில் அடை 90 டிகிரி திரும்பி, கூர்முனை பக்கவாட்டில் போய், நிரல்கள் நேராகவும் வரிசைகள் வளைந்தும் தெரியும். அறுகோணக் கட்டத்தை 60 டிகிரி திருப்பினால் தன்மேல் தானே பொருந்தும், 90 டிகிரி திருப்பினால் பொருந்தாது.

அடை ஒரு வரைபடத் தாள் அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அச்சடித்த மெழுகுத் தாளின் மேல் கட்டிய பணித்தேனீ அறைகள் ஓரளவு ஒழுங்காக இருக்கும். ஆண் தேனீ அறைகள் பெரியவை, அவை கூடும் கீழ் ஓரங்களில் கட்டம் விலகும். அங்கே ஒரு அறையை எண்ணாமல் விட்டால் அந்த வரிசையில் அதற்கு வலப்பக்கம் இருக்கும் அத்தனையும் ஒரு இடம் நகர்ந்துவிடும், படத்தில் துணி கிழிந்தது மாதிரி ஒரு கோடு தெரியும். அப்படிப்பட்ட சட்டங்களுக்கு வரிசை-நிரல் எண்ணை நம்பாமல், போட்டோவில் கண்ட மையங்களின் உண்மையான இடத்தையே சேமித்து, ‘எந்த மையம் அருகில்’ என்று பார்த்து நிறம் போடுங்கள். அறுகோணங்கள் கொஞ்சம் கோணலாக வரும், அடையும் அப்படித்தானே இருக்கிறது.

எல்லாம் எழுதி முடித்ததும் உண்மைத் தரவைப் போடும் முன் ஒரு பொய்த் தரவு போடுங்கள். நடு அறையிலிருந்து 10 இ தூரத்துக்குள் மையம் இருக்கும் அறைகளுக்கெல்லாம் 1, மற்றதற்கு 0. வரும் வட்டின் அகலத்தையும் உயரத்தையும் பிக்சலில் அளந்து பாருங்கள். ஓரம் அறுகோண முனைகளால் ஆனது என்பதால் ஒரு அறை அளவு வித்தியாசம் இருக்கலாம். உயரம் 15 விழுக்காடு கூடினால் 0.866 விட்டுப்போயிருக்கிறது, வட்டு சாய்ந்தால் அச்சு குழம்பியிருக்கிறது, ஓரம் பல்லானால் ஒற்றை-இரட்டை மாறியிருக்கிறது.

பிளெக்ஸுக்கு: முடிந்தால் பிடிஎஃப் கொடுங்கள், பலகோணங்கள் எந்த அளவுக்கும் கூர்மையாக நிற்கும். கடையில் ஜேபெக்தான் வேண்டும் என்றால் 728 பிக்சல் படத்தைப் பெரிதாக்கிக் கொடுக்காமல், இ = 76 வைத்துப் புதிதாக வரையுங்கள். அகலம் 3458 பிக்சல், 72 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 72 பிக்சல்) 122 சென்டிமீட்டர், சரியாக 4 அடி. கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பவருக்கும் அறை அறையாகத் தெரியும், ஒரு அறை 27 மில்லிமீட்டர், உண்மையைப்போல் 6 மடங்கு. ஜேபெக் தரத்தை 95-க்கு மேல் வையுங்கள், நிறத் தகவலைப் பாதியாக்கும் தேர்வை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் சிவப்பு அறைகளின் ஓரம் பக்கத்து அறைக்குள் கசியும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். உயரம் 2457 பிக்சல், அதாவது 87 சென்டிமீட்டர்தான் வரும். 4-க்கு 3 அடி பிளெக்ஸில் சுமார் 4.8 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும், அந்த வெள்ளையை நிரப்பக் கடைக்காரர் படத்தைக் கீழே இழுத்துவிடுவார், இத்தனை பாடுபட்டுச் சரிசெய்த விகிதம் 5 விழுக்காடு போய்விடும். அந்தப் பட்டையில் பெட்டி எண்ணையும் தேதியையும் நீங்களே எழுதி, 4-க்கு 3 என்று முழுதாக நிரப்பிய கோப்பாகவே கொடுத்துவிடுங்கள்.